பஞ்சு இருந்தால் போர்வை

மாடிப்படிக்குக் கீழே ஒட்டியிருந்த உத்தரவை டீச்சரம்மா சத்தமாக வாசித்தார். அட்டை வைக்கக் கூடாது, பலகை தொங்கவிடக் கூடாது, பிளெக்ஸ் கட்டக் கூடாது, சுவரில் எழுதக் கூடாது. மீறினால் நடவடிக்கை. கடைசியில் ஒரு வரி இருந்தது: பால்கனிகளில் துணிமணி, படுக்கை விரிப்பு, போர்வை முதலியவற்றை உலர்த்தத் தடை இல்லை.

"தடை இல்லையாமே. பெரிய மனசுதான்," என்றான் மூன்றாம் மாடி டிரைவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாய்க்குள் வாசித்துக்கொண்டார். பிறகு மூச்சு வாங்க ஐந்தாம் மாடிக்கு ஏறிப்போய் மெத்தைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மெத்தைக்காரர் நாற்பது வருஷம் பஸ் டிப்போவில் சீட் தைத்தவர். வேலையை விட்ட பிறகு அந்தக் கட்டடத்துக்கே மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுத்தார். படிப்பு மூணாவது வரைக்கும். கதவைப் பாதிதான் திறப்பார். மீதிப் பாதி திறக்க வேண்டுமென்றால் வந்தவர் காரணம் சொல்ல வேண்டும்.

"ஒரு போர்வை தைக்கணும். அதுல எழுத்து இருக்கணும்," என்றார் டீச்சரம்மா. "வீட்டுக்கு ஒரு துணி தர்றோம். ஒரு வீட்டுக்கு ஒரு எழுத்து. உங்க பால்கனிதான் ரோட்டைப் பார்த்து இருக்கு."

"பெயின்ட்ல எழுதித் தொங்கவிடுங்களேன். எதுக்கு என்னைப் போட்டு இழுக்குறீங்க?"

"பெயின்ட்ல எழுதினா பேனர்னு கழட்டிருவான். ஒட்டுத் துணியாலேயே எழுத்தைச் சேர்த்துத் தைச்சா அது போர்வைதானே?"

மெத்தைக்காரர் கதவின் மீதிப் பாதியையும் திறந்தார். "உள்ளே பஞ்சு வைக்கணும்," என்றார். "பஞ்சு இருந்தாத்தான் போர்வை. இல்லேன்னா அவன் தொட்டுப் பார்த்த உடனே பேனர்னு சொல்லிருவான்."

எதற்கும் சட்டென்று தலையாட்டுகிற ஆள் இல்லை அவர். இதற்கு ஆட்டியதற்குக் காரணம் இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டடத்தை இடிக்கப்போகிற கம்பெனி, குடியிருந்த பத்து வீட்டுக்கும் ஊர்க்கோடியில் மாற்று வீடு தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு இப்போதிருக்கிற வீட்டின் ஒதுக்கீட்டுச் சீட்டு அசலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மெத்தைக்காரரும் வரிசையில் நின்றார். முறை வந்தபோது, "ரசீது குடுப்பீங்களா?" என்று கேட்டார். ரசீதெல்லாம் கிடையாது, பேர் பட்டியலில் வரும் என்றான் கவுன்ட்டரில் இருந்தவன். அசலை வாங்கிக்கொண்டு ரசீது தராதவன் நாளைக்கு நீ யார் என்றும் கேட்பான். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

"குடுத்தாச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆச்சு," என்றார்.

கடைசித் தேதி போய்விட்டது. பட்டியலில் ஒன்பது பேர் இருந்தது. புது இடம் தூரம், அறை சின்னது, தண்ணீர் மோசம் என்று அந்த ஒன்பது வீடும் இங்கேயே இருக்கச் சண்டை போட்டன. தோற்றால் அவர்களுக்குப் போக ஒரு இடம் இருந்தது. இவருக்கு இல்லை. மகள் வீடு ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஆறு பேர். மனைவிக்கு முழங்கால் போய் இரண்டு வருஷமாகப் படியிறங்கவில்லை. எல்லோரும் இருந்தால் இவரும் இருக்கலாம். ஒருவர் போனாலும் பட்டியல் வெளியே வரும், அதில் தன் பேர் இல்லாததும் தெரிந்துவிடும்.

டீச்சரம்மா முதலில் எழுதிக்கொண்டு வந்தது ஒரு கட்டுரை அளவுக்கு இருந்தது. "இதைத் தைச்சா ஆறாம் மாடி கட்டித்தான் தொங்கவிடணும்," என்றார் மெத்தைக்காரர். வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது: நாங்கள் போக மாட்டோம். பத்து எழுத்து, பத்து வீடு. மேல் வரியில் நாலு, நடுவில் இரண்டு, கீழே நாலு.

துணிகள் வந்தன. டீச்சரம்மா வீட்டு நீலத் திரை. டிரைவரின் காக்கிச் சட்டை. நர்சம்மாவின் பச்சைத் துணி. புதுசாகக் கல்யாணமான ஜோடி சிவப்புப் பூப்போட்ட விரிப்பைக் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓடியது. "இவ்வளவு சீக்கிரம் கிழிஞ்சிருச்சா?" என்றாள் மெத்தைக்காரர் மனைவி. இஸ்திரிக்காரன் கொண்டு வந்தது யாரோ வாங்காமல் விட்டுப்போன வேட்டி. "ஓனர் வந்து கேட்டா உன் எழுத்தைக் காட்டிக்கோ," என்று வாங்கிப் போட்டுக்கொண்டார் மெத்தைக்காரர்.

அவர் அளவு எடுக்கவில்லை. எழுத்துக்கு அளவு அட்டை வெட்டிக்கொண்டால் ஆயுசு போய்விடும். துணியை விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்தார். எழுத்துக்குக் கலர்ப் பட்டை, சுற்றிலும் வெள்ளை விரிப்புப் பட்டை. கண்ணால் பார்த்து வைத்தார், தைத்தார், நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினார். குட்டையான எழுத்துக்குத் தலைக்கு மேலே இன்னொரு வெள்ளைப் பட்டையை ஒட்டுப்போட்டு உயரத்தைச் சரிக்கட்டினார். ‘ட்’ ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அது நிற்கிற பட்டை ஒன்று, படுத்த பட்டை ஒன்று, மேலே ஒரு புள்ளி. ‘ள்’ளுக்கு ஒரு நாள் போனது. வளைவை நேர்த்தையலில் கொண்டுவர முடியாது. வளைகிற இடத்திலெல்லாம் மூலை வைத்தார். யாரும் எடுக்காத ‘ங்’கைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டார்.

"இது ‘ங்’ மாதிரியே இல்லையே," என்றார் டீச்சரம்மா.

"கிட்ட நின்னு பார்த்தா எதுவும் அது மாதிரி இருக்காது. தள்ளிப்போய்ப் பாருங்க."

இரண்டு ‘க’வில் எது நன்றாக வந்திருக்கிறது என்று டிரைவர் வீட்டுக்கும் இஸ்திரிக்காரன் வீட்டுக்கும் பேச்சு வளர்ந்தது. மெத்தைக்காரர் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.

பத்துக் கட்டமும் சேர்ந்த பிறகு, அடியில் பழைய விரிப்பு, நடுவில் பஞ்சு, மேலே எழுத்து என்று தரையில் பரப்பி, மூன்றும் நகராமல் நீள நீளமாக நூல் ஓட்டினார். சுற்றி வருகிற ஓரப்பட்டையை மனைவி கையாலேயே தைத்து முடித்தாள். பால்கனிக் கம்பியில் போட்டுவிட்டு அவர் மட்டும் கீழே இறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். எழுத்துக்கள் பெரிசும் சின்னதுமாக, குடித்துவிட்டு வரிசையில் நிற்கிறவர்கள் போல இருந்தன. ஆனால் படிக்க முடிந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவன் வாய்விட்டே படித்தான்.

மறுநாள் உத்தரவு ஒட்டிய இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார். மூச்சு வாங்கி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டு, போர்வையின் ஓரத்தை விரலால் பிடித்து நசுக்கிப் பார்த்தார்.

"பஞ்சு இருக்கு," என்றார், தனக்குத்தானே.

"போர்வைங்க. காயுது," என்றார் மெத்தைக்காரர்.

"நனைஞ்ச மாதிரி தெரியலையே."

"காஞ்சிருச்சு."

இன்ஸ்பெக்டர் போய்விட்டார். அன்றைக்குப் படிக்கட்டு முழுக்கச் சிரிப்பாக இருந்தது. மெத்தைக்காரர் சிரிக்கவில்லை. சும்மா போகிற இன்ஸ்பெக்டரை அவர் பார்த்ததில்லை.

நாலாம் நாள் டிரைவர் வந்தான். உள்ளே வரவில்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. என் ‘க’வைக் குடுத்துருங்க."

"எதுக்கு, சட்டையில வச்சுத் தைச்சுக்கவா?"

"கம்பெனி ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொன்னாங்கண்ணே. போர்வையில துணி இருக்கிற வீட்டுக்குப் புது வீட்டுச் சாவி கிடையாதாம். துணியைக் கொண்டுபோய்க் காட்டணுமாம். பிள்ளைங்க இருக்குண்ணே."

"தைச்சு முடிஞ்சது. பிரிக்க முடியாது."

"வெட்டியாவது குடுங்க."

மெத்தைக்காரர் கத்தரியை எடுத்தார். பஞ்சோடு, அடித்துணியோடு சேர்த்துக் கட்டமாக வெட்டினார். சூடான பாத்திரம் பிடிக்கிற துணி மாதிரி தடிமனாகக் கையில் வந்தது. டிரைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான். போர்வையில் ஜன்னல் ஒன்று விழுந்தது. அன்று சாயங்காலமே தன் பழைய லுங்கியில் இன்னொரு ‘க’ செய்து அந்த ஓட்டையை அடைத்தார்.

அடுத்த நாள் ஜோடி வந்தது. அப்புறம் நர்சம்மா. இஸ்திரிக்காரன் நேரில் வராமல் மனைவியை அனுப்பினான். மனைவியின் பழைய புடவை, தலையணை உறை, பழைய பைஜாமா என்று அடைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாளில் மூன்று பேர் வந்தபோது அடைப்பதை விட்டுவிட்டார். கீழிருந்து பார்த்தால் எலி கடித்த மாதிரி இருந்தது.

கடைசியாக டீச்சரம்மா வந்தார். ‘நா’ அவருடையது.

"நீங்களுமா," என்றார் மெத்தைக்காரர்.

"எனக்கு வெட்கமாத்தான் இருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க? எல்லாரும் போயிட்டாங்க." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்க எப்போ சாவி வாங்கப் போறீங்க? உங்க வீட்டம்மாவைக் கீழே இறக்க நாலு பேர் வேணும். இப்பவே சொன்னா ஏற்பாடு பண்ணிட்டுப் போவேன்."

"உங்க வேலையைப் பாருங்க டீச்சரம்மா," என்று சொல்லி ‘நா’வை வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அவர் அசலை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அன்றைக்கு வரிசை இல்லை. கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. மேலாக ‘நா’ கிடந்தது, அதன் அடியில் காக்கி ‘க’வின் மூலை தெரிந்தது, பச்சை, சிவப்புப் பூ, எல்லாம் குப்பையாகக் கிடந்தன. பெட்டியின்மேல் யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம்.

சீட்டை நீட்டினார். ரசீது கேட்கவில்லை.

"தேதி முடிஞ்சு போச்சே பெரியவரே," என்றான் அதே ஆள். சீட்டைக் கையில் வாங்கவில்லை.

"வச்சுக்கோ. ரசீது வேண்டாம்."

"வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பட்டியல் மேல போயாச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. "உங்க எழுத்து எது? அதையாவது குடுத்துட்டுப் போங்க, ஒப்படைச்சதா எழுதிக்கிறேன்."

"எதுக்கு?"

"சும்மா. கணக்கு முடியட்டும்."

அவர் திரும்பி வந்து சீட்டை ஊசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். இத்தனை நாள் அதை ஞாபகமாக ஒளித்து வைத்தவர், அன்றைக்கு அது மனைவி கைக்கு எட்டுகிற இடம் என்பதை யோசிக்கவில்லை. அல்லது யோசித்தாரோ என்னவோ.

மத்தியானம் ஊசி எடுக்கப்போன மனைவி அதைப் பிரித்துப் பார்த்தாள்.

"இதைக் குடுக்கலையா நீங்க?"

அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வரிசையில நின்னீங்களா இல்லையா?"

"நின்னேன்."

"நின்னுட்டு?"

"திரும்பி வந்துட்டேன்."

அவள் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் திட்டுக்கு அவர் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

"பேங்க்ல பணம் போட மாட்டீங்க, டாக்டர் மாத்திரையை முழுங்க மாட்டீங்க. என்னை மட்டும் எப்படி நம்பிக் கட்டினீங்கன்னு தெரியல," என்றாள். அப்புறம், "நூல் கோத்துக் குடுங்க. எனக்குக் கண்ணு தெரியல," என்றாள்.

மிச்சமிருந்த போர்வையைப் பிரித்து வெள்ளையையும் பஞ்சையும் மட்டும் எடுத்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் டிப்போவில் இருந்து கொண்டு வந்த சீட் துணி ஒரு சுருள் இருந்தது. அரக்குக் கலரில் சாம்பல் கோடு போட்டது. அதைப் பட்டையாக வெட்டினார். இந்தத் தடவை வாக்கியத்துக்கு டீச்சரம்மா இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்தார்: ஆள் இருக்கு.

அவர் தைத்த பஸ் சீட்களில் துண்டைப் போட்டுவிட்டு எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பார்கள். துண்டு போட்ட சீட்டில் ரவுடிகூட உட்கார மாட்டான்.

‘ஆ’வும் ‘இ’யும் அவரை மூன்று நாள் வதைத்தன. ‘இ’க்கு மட்டும் பதினேழு மூலை. கட்டடத்தில் அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், கரண்ட் மட்டும் எப்படியோ விட்டுவைத்திருந்தார்கள். நாலு மாடியிலும் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மெஷின் ஓடுகிற சத்தம் காலி வீடுகளில் போய்த் திரும்பி வந்தது. பத்து வீட்டுப் போர்வை இரட்டைக் கட்டில் அளவு. இது ஒரு ஆளுக்குத்தான் காணும்.

போர்வையைக் கம்பியில் போட்ட மறுநாள் காலை, பால்கனிக்கு வெளியே ஒரு தலை எழும்பியது. சாரத்தில் நின்ற வேலையாள். தோளில் பச்சை வலைச் சுருள்.

"ஆள் இருக்கீங்களா ஐயா?"

"எழுதியிருக்கு, தெரியலையா?"

"பார்த்தேங்க. அதான் கேட்டேன். எங்களுக்கு வலை கட்டுற வேலை மட்டும்தான், தூசி ரோட்டுக்குப் போகக் கூடாதுன்னு." அவன் கம்பியை முறுக்கிக்கொண்டே போர்வையைப் பார்த்தான். "இதைக் கொஞ்சம் உள்ளே எடுத்துக்கிறீங்களா? வலைக் கம்பி மாட்டினா கிழிஞ்சிரும். நல்ல வேலைப்பாடு."

"எடுக்க மாட்டேன்."

"சரிங்க," என்றான். மரியாதையாகச் சுற்றி வளைத்துக் கட்டினான். போர்வையில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் பச்சை வலை இரண்டு மடிப்பாக இறங்கியது. வீட்டுக்குள் எல்லாம் பச்சையாகிவிட்டது.

மெத்தைக்காரர் ஐந்து மாடி இறங்கி பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். வலைதான் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தள்ளிப்போயும் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற ஒருவனும் மேலே பார்க்கவில்லை.

ஏறி வந்தபோது கீழ்த்தளத்தில் துளை போடுகிற மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ஆள் இருக்கு என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஒரு படியில் நின்றார். சொன்னால் ஆபீசில் கேளுங்கள் என்பான்.

கம்பியில் இருந்து போர்வையை அவரே எடுத்தார். கட்டிலில் கிடந்த மனைவிமேல் போர்த்தினார். அவள் முகவாய்வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டு, புரட்டி எழுத்துப் பக்கத்தை மேலே போட்டுக்கொண்டாள்.

"அந்த சீட் துணி சொரசொரன்னு உறுத்துது," என்றாள். "பஞ்சு நல்லா இருக்கு."

அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கீழே மெஷினைப் போட்டார்கள். முதலில் ஜன்னல் அதிர்ந்தது, அப்புறம் ஊசி டப்பா.