ஒட்டுற சோறு

என் சோற்றைப் பற்றி நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் மாமியார் சொல்லிவிடுவார். நான் வடித்தாலும் குழையும், குக்கரில் வைத்தாலும் குழையும். தண்ணீரைக் குறைத்தால் அடிப்பிடித்துக்கொண்டு குழையும். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது சின்னக் குறை இல்லை. தெருவுக்குத் தெரு பிரியாணிக் கடை இருக்கிற ஊர். ஒரு பருக்கை இன்னொரு பருக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தாலே இங்கே முகம் சுளிப்பார்கள்.

மாமியார் பெயர் கண்ணம்மாள். நெமிலிப் பக்கம் நெல் போட்ட குடும்பத்தில் பிறந்தவர், சோற்று விஷயத்தில் கடவுளே வந்தாலும் விடமாட்டார். வேலூரில் ஒரு வளைகாப்பில், "என் மருமவ சோத்த வச்சி செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்று சொல்லிவிட்டார். மொத்தப் பந்தியும் சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து சோறு வைக்கிற வேலையையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். குழம்பு வைக்கலாம், பொரியல் செய்யலாம், அரிசி டின் பக்கம் மட்டும் போகக் கூடாது. இந்த வீட்டில் நான் மருமகளா, மாசக் கணக்கில் தங்க வந்த விருந்தாளியா என்று எனக்கே சந்தேகம்.

இத்தனைக்கும் நான் பிழைப்பதே ஒட்டுவதில்தான். ஷூ கம்பெனியில் பேஸ்டிங் டேபிள். தோலின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, விரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் நவநீதனுக்கு அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை. அங்கேதான் மோரிதா வந்து சேர்ந்தார்.

மோரிதா ஜப்பான்காரர். எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனி, தரம் பார்க்க அனுப்பிய ஆள். பேச்சு கம்மி. கையில் எப்போதும் இரண்டு ஸ்டிக்கர் சுருள் வைத்திருப்பார். சரக்கு சரியாக இருந்தால் பச்சை, சரியில்லை என்றால் சிவப்பு. இரண்டிலும் ஜப்பான் எழுத்து. சிவப்பு விழுந்த ஷூ நேராக எங்கள் டேபிளுக்குத் திரும்பி வந்து மானத்தை வாங்கும். அப்படிப்பட்டவர் கேன்டீன் காரத்துக்குப் பயந்து ரொட்டியும் வாழைப்பழமுமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மை ஒய்ஃப், சுஷி, டெய்லி" என்று சொல்லிவிட்டார். மோரிதா எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்து வணங்கினாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டாராம்.

சுஷி என்றால் என்னவென்று அன்று சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் எனக்குப் போனில் காட்டினார். கடல்பாசியில் செய்த கறுப்புத் தாள் ஒன்று, நோரி என்று பெயர். அதன்மேல் சோற்றைப் பரப்பி, நடுவில் காய்கறி வைத்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். சில பேர் உள்ளே பச்சை மீனும் வைப்பார்கள் என்றார். மாமியார் உடனே எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார், யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறது என்று. மீனே வேண்டாம், வெள்ளரிக்காய், கேரட், முட்டை போதும் என்று முடிவானது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சொந்த வீட்டில் சோறு வைக்க உரிமை இல்லாதவள் தினமும் சுஷி செய்கிறாளாம். மோரிதா என் வீட்டில் முகம் சுளித்தால் திங்கட்கிழமை லைன் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். வீட்டில் போன என் மானம் கம்பெனியில்தான் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் போய்விடுமே.

நோரியை ஆன்லைனில் ஆர்டர் செய்த என் வீட்டு மகராசன், கம்பெனி விலாசத்தைக் கொடுத்திருந்தார். ஸ்டோர்ஸில் இருக்கும் சுப்பராயன் அண்ணன், கறுப்பாக, மெல்லிசாக, பளபளவென்று எது வந்தாலும் லைனிங் தோல் என்றே எடுத்துக்கொள்வார். எல்லாத் தாளிலும் மூலையில் ஓட்டை போட்டு சாம்பிள் எடுத்துவிட்டார். சாயம் போகிறதா என்று ஒரு துண்டைத் தண்ணீரிலும் ஊறவைத்திருக்கிறார். நான் வாங்கப் போனபோது ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: "சாயம் போவலம்மா. தோலே கரைஞ்சி போய்டுச்சி. இந்த பார்ட்டிகிட்ட மட்டும் சரக்கு வாங்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாமியார் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். கடல் தாண்டி வந்தவன் முன்னால் குடும்ப மானம் போகக் கூடாதாம். அவர் வடித்த சோற்றைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சண்டை போட்ட மாதிரி நின்றது. அதில் நான் வினிகரும் சர்க்கரையும் கலந்தபோது, சாமிக்குப் படைக்கிற பொங்கலா இது என்று அவரிடமிருந்து ஒரு கேள்வி வேறு. நோரியில் சோற்றைப் பரப்பி, ஜன்னல் மூங்கில் திரையிலிருந்து வெட்டியெடுத்த துண்டைப் பாயாக வைத்துச் சுருட்டினேன். கத்தி பட்டதும் சோறு மொத்தமும் பொலபொலவென்று தட்டில் கொட்டிவிட்டது. இன்னொன்று சுருட்டினேன், அதுவும் கொட்டியது. என் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று ரப்பர் பேண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். நான் பார்த்த பார்வையில் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நடப்பது நடக்கட்டும் என்று அரிசி டின்னைத் திறந்தேன். மாமியார் முறைத்தார். விருந்தாளி உள்ளே வந்துவிட்டதால் வாயைத் திறக்க முடியவில்லை அவரால். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் குக்கரை வைத்தேன். சோறு வேகிற வரைக்கும் ஆளை உட்காரவைக்க என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டார். மோரிதா பாவம், எங்கள் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் மொய் எழுதி முடிக்கிற வரைக்கும் முதுகை வளைக்காமல் உட்கார்ந்து பார்த்தார்.

குக்கரைத் திறந்தால் சோறு வழக்கம்போலக் குழைந்து கிடந்தது. விசிறி ஆறவைத்து, கையை நனைத்துக்கொண்டு நோரியில் தடவ ஆரம்பித்தேன். தடவத் தடவ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது என் டேபிள் வேலையேதான். சொல்யூஷன் மாதிரி ஒரே சீராகத் தடவி, ஒட்டுவதற்கு ஓரத்தில் விரல் அகலம் விட்டு, சுருட்டி அழுத்தினேன். கத்தி போட்டேன். ஒரு பருக்கை நகரவில்லை. சுப்பராயன் அண்ணன் போட்ட ஓட்டை வழியாக மட்டும் சோறு வெளியே எட்டிப் பார்த்தது.

தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். மோரிதா ஒரு துண்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், ஷூவை அழுத்துகிற மாதிரியே கட்டைவிரலால் அழுத்தினார். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் தட்டை முழுசாகக் காலி செய்தார். கடைசித் துண்டில் அந்த ஓட்டையைப் பார்த்து, "டெஸ்ட்?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த ஆளுக்குப் பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். வேலை நடந்த இடத்தைப் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. குக்கரில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரைக் கிழித்து மூடியில் ஒட்டினார். பக்கத்தில் மாமியாரின் சோற்றுக் குண்டான் இருந்தது. அதில் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தார். உருளவில்லை, விரல் சந்தில் வழிந்து கொட்டியது. "சுஷி, நோ" என்று முணுமுணுத்துக்கொண்டே குண்டானில் சிவப்பை ஒட்டினார். எங்கள் எல்லாருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

மாமியார் இரண்டு ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த எழுத்து அவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. ஆனால் நிறம் எனக்குப் புரியும். "இன்னா ஒட்டிட்டுப் போறான்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று, சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். நானா விடுவேன்? வளைகாப்பில் சிரித்த முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இது கூடவா தெரியல? பச்சன்னா வேகல. செவப்புன்னா நல்லா வெந்துச்சின்னு அர்த்தம். மாங்கா பச்ச, பழம் செவப்பு."

முகமெல்லாம் பூரிப்பு. முந்தானையால் அந்தச் சிவப்பைத் துடைத்துக்கூட விட்டார். நான் திறந்த வாயோடு அப்படியே நின்றேன். அழப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கிட்ட வந்து என் தலையைத் தடவினார்.

"ஃபீல் பண்ணாத. பாவம், வேகாததையே மிச்சம் வைக்காம துன்னுட்டுப் போறான் மனுஷன். நாளையிலருந்து சோறு நீயே வையி. வச்சா தானே கை பழகும்."

சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். அரிசி டின் என் கைக்கு வந்துவிட்டது, இதற்கு மேல் பேசினால் நான்தான் பைத்தியக்காரி.

மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது குண்டானிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் உரிந்து வந்துவிட்டது. மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரத்தைத் துடைத்து, தன் சோற்றில் மிச்சம் இருந்த பருக்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமலேயே கையை நீட்டினார்.

"என் சோறு ஒட்டாதுடி. உன் சோத்துல ரெண்டு பருக்க குடு."

கொடுத்தேன். கொடுத்ததோடு விடவில்லை, நானே ஒட்டியும் கொடுத்தேன். நசுக்கி, ஓரம் வரைக்கும் சீராகத் தடவி, காற்று நிற்காமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, கம்பெனியில் எப்படி ஒட்டுவேனோ அப்படி. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் அந்தக் குண்டானை எடுத்து வந்து காட்டுகிறார், ஜப்பான்காரனே கொடுத்தது என்று. நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்கிறேன். இன்றுவரை உரியவில்லை.