அத்தை கேட்ட பாட்டு

ஆறு மணிக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். ஒரு தம்ளர் பால் காய்ச்சுகிறேன். ஒரு ஆளுக்கு அந்தப் பாத்திரம் பெரியது, அடி பிடிக்கிறது. குளித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். காதை முழுவதும் மூடுகிற, வயர் இல்லாத வகை. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அதன் காது மெத்தையின் தோல் உரிந்து காதோரம் கறுப்புத் துகள்களாக ஒட்டுகிறது. பேருந்து வருவதற்குள் துடைத்துக்கொள்கிறேன்.

அலுவலகத்தில் வீட்டு வரைபடங்கள் வரைகிறேன். அங்கேயும் மாட்டியிருப்பேன். மாட்டியிருந்தால் யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை.

ஏழு மாதத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் மனைவி மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். தலையில் அடி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்தப் படிகளைப் பிறகு டேப் வைத்து அளந்தேன். உயரம், அகலம், எதிலும் தப்பில்லை.

"அவ ஏன் தனியா போனா? உன்னைக் கூப்பிடலையா?" என்று அவளுடைய பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஹெட்போன் போட்டிருந்தேன். கேக்கல."

அவளுடைய அம்மா குறுக்கே வந்தார். "காதை அடைச்சுக்கிட்டு பாட்டு கேக்குறவருக்கு எப்படிக் கேக்கும்? மாப்பிள்ளையை யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

யாரும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். அலமாரியைத் திறந்து மகளின் துணிகளை மடித்து அடுக்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு என்ன பாட்டு கேட்டுட்டு இருந்தீங்க?"

"எதுக்கு அத்தை?"

"அவ படியேறுறப்ப ஓடின பாட்டு. ஒரு தடவை கேக்கணும்போல இருக்கு."

ஹெட்போனை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். இடதும் வலதும் மாறியிருந்தது. "ஹெல்மெட் கணக்கா இருக்கே. எப்படித்தான் நாள் பூரா தூக்கிட்டு அலையறீங்களோ."

போன் என் கையில் இருந்தது. ஏதாவது ஒரு பாட்டைப் போட்டிருக்கலாம். நம்பியிருப்பார். கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டு அழுதிருப்பார். அதற்குப் பிறகு நான் ஆயுசுக்கும் அந்தப் பாட்டைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

"போடட்டுமா?" என்றேன், மெதுவாக.

"போடுங்க." பிறகு சாதாரணமாகச் சொன்னார், "பாட்டு ஓடலைன்னா பேசுறது கேக்கத்தான் செய்யுது."

"ஆமா அத்தை. கேக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றவில்லை.

"அன்னைக்குப் பாட்டு முடிஞ்சிருச்சு அத்தை. அடுத்தது போடல. சும்மா மாட்டிட்டு உக்காந்திருந்தேன். மழை வர்ற மாதிரி இருக்கு, துணி எடுத்துட்டு வரியான்னு அடுப்படியிலேர்ந்து கேட்டா. கேட்டுச்சு. எழுந்திருக்கச் சோம்பலா இருந்துச்சு. கேக்காத மாதிரி தலையை ஆட்டிட்டு இருந்தேன்."

அத்தை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அவ நம்பிட்டாளா?"

"இல்ல. போனை அடுப்படியில அவ பக்கத்துலதான் சார்ஜ்ல போட்டிருந்தேன். பாட்டு நின்னது அதுல தெரிஞ்சிருக்கு. அது எனக்கு ஞாபகமே இல்ல. என் பின்னாடி வந்து நின்னா."

"கோவப்பட்டாளா?"

"சிரிச்சா."

அத்தை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். காதோரம் கறுப்புத் துகள். துடைக்கவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

சொன்னேன்.

"பாட்டு நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு, தலை மட்டும் ஆடுது. இரு, துணியை எடுத்துட்டு வந்து உன்னை வச்சுக்கிறேன்."