அபிப்பிராயம் சொன்னால்தான் அடுத்த படம்

அந்த டிவிடி கடையில் ஒரு சட்டம் இருந்தது. எடுத்துப்போன படத்தைத் திருப்பித் தரும்போது அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த படம். "நல்லா இருந்துச்சு" என்பது அபிப்பிராயத்தில் சேராது. "சுமார்" என்பதும் சேராது. அப்படிச் சொல்பவர்களைக் கடைக்கார அக்கா வாசலில் நின்று யோசித்துவிட்டு வரச் சொல்லுவாள். தலை நரைத்தவர்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே போய் நிற்பார்கள். அதனால்தான் அவளுக்கு நீதிபதி என்று பட்டப்பெயர்.

கடையில் காதல் காமெடிகளும் குடும்பப் படங்களும் மட்டும்தான். "வெட்டுக்குத்து பாக்கணும்னா பக்கத்துத் தெருக் கடைக்குப் போ" என்பாள். வாடிக்கையாளர்களும் அதற்கேற்றவர்கள். சலூன்காரருக்கு ஒரே குறை: "இந்தப் படத்துல வர்றவங்க எப்பத்தான் வேலைக்குப் போறாங்க? ஒருத்தனாவது லேட்டா வந்ததுக்குத் திட்டு வாங்குறானா?" ஓய்வுபெற்ற நர்ஸம்மாவின் தீர்ப்பு வேறு மாதிரி: "காதலிக்கறது கிடக்கட்டும். அந்த வீட்டுல பாத்திரம் கழுவறது யாரு? அதைக் காட்டினா நான் நம்பறேன்."

ஒருமுறை மருந்துக்கடைக்காரர் ஒரு படத்தைப் பார்க்காமலே, அட்டையின் பின்பக்கத்தில் இருந்த கதைச்சுருக்கத்தை அப்படியே ஒப்பித்துவிட்டார். அக்கா கண்டுபிடித்துவிட்டாள். அன்றோடு அவருக்குக் கதவு அடைபட்டது. அதற்குப் பிறகு அட்டைகள் கடையை விட்டு வெளியே போவதில்லை. டிவிடி தட்டுகளின் முகத்தில் வட்டமாக வெள்ளைத்தாள் ஒட்டி, அதில் மை பேனாவால் எண் எழுதி, அதே எண் போட்ட வெறும் காகித உறையில் வைத்துத்தான் கொடுப்பாள்.

எலக்ட்ரீஷியன் இந்தக் கடைக்கு முதலில் வந்தது படம் எடுக்க அல்ல; பெயர்ப்பலகை விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டதால் வந்தான். ஏணியில் நின்றபோது உள்ளே அக்காவின் தங்கையைப் பார்த்தான். அவள் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மாலையில் இங்கே வந்து தட்டுகளை உறையில் போட்டுக் கொடுப்பாள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் எது பழுதானாலும், பழுதாகாவிட்டாலும், அவன் வந்தான். மின்விசிறியைச் சரி செய்தான். ஸ்விட்ச் பலகையை மாற்றினான். கடைசியில் ஒருநாள் துணிச்சலைத் திரட்டிக்கொண்டு அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கை சுத்தம், தெரியும். வாய் எப்படின்னு தெரியலையே. இந்தா, எண்பத்தொம்பது. பாத்துட்டு சனிக்கிழமை வந்து சொல்லு. ஒரு ஆளோட அபிப்பிராயத்தைக் கேட்டா அவன் வீட்டுல எப்படி இருப்பான்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அன்று மாலை அவன் வீட்டில் படம் ஓடியது. கூடவே அவனுடைய அக்காவும், அவள் கணவரான பஸ் டிரைவர் மச்சானும் உட்கார்ந்தார்கள். மச்சான் பத்தாவது நிமிடத்திலேயே குறட்டை விட ஆரம்பித்தார். முடிந்ததும் எழுந்து ஆலோசனை சொன்னார்.

"எல்லாப் படமும் ஒண்ணுதான் மாப்ள. மொதப் பாதி சண்டை, ரெண்டாம் பாதி சமாதானம். நீ போய், 'ரொம்ப ஜாலியா இருந்துச்சுக்கா, ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே சேந்தது பிரமாதம்'னு சொல்லு. வேற வாயைத் திறக்காத."

"இல்ல மச்சான், இந்தப் படத்துல யாரும் சேரல. பிரிஞ்சு போறாங்க."

"அதெல்லாம் உனக்கு எதுக்குடா? கல்யாணம் பேசப் போற எடத்துல பிரியறதைப் பத்தியா பேசுவ?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் படம் அவனை விடவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒயரை உரிக்கும்போதும் அதே நினைப்பு. மச்சானின் வாக்கியத்தை மனப்பாடம் செய்தான். சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் வாயில் கல் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை போனபோது கடையில் சலூன்காரரும் நர்ஸம்மாவும் இருந்தார்கள். விஷயம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்பது, இருவரும் ஒரே நேரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டதிலேயே புரிந்தது. தங்கை உள்கதவு ஓரமாக உட்கார்ந்து உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"சொல்லு தம்பி" என்றாள் அக்கா.

"ரொம்ப ஜாலியா இருந்துச்சுக்கா. ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே சேந்தது பிரமாதம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. நர்ஸம்மா தலையை ஆட்டினாள். "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் சலூன்காரர். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இவர்கள் எப்படி இதற்குத் தலையாட்டுகிறார்கள்? மச்சான் சொன்னதுதான் உண்மையோ, உலகத்தில் யாருமே படத்தைச் சரியாகப் பார்ப்பதில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பரவால்ல, ரசனை இருக்கு" என்ற அக்கா, "ஏய், உள்ள போய் இவருக்கு ஒரு டீ போடு" என்று தங்கையிடம் சொன்னாள்.

தங்கை எழுந்தாள். எழுந்தபோது முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. சரி, இவரும் இப்படித்தானா என்கிற மாதிரி ஒரு சலிப்பு மட்டும் இருந்தது.

"இல்லக்கா" என்று அவன் வாய் தானாகத் திறந்தது. "நான் சொன்னது பொய். ஜாலியா இல்ல. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அந்தம்மா பெட்டியைத் தூக்கிட்டு வீட்டை விட்டுப் போனது சரின்னுதான் எனக்குத் தோணுச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைப் போட்டு உடைத்தான் என்பார்களே, அது இதுதான்.

"எந்த அம்மா?" என்றாள் அக்கா.

"படத்துல வர்ற அம்மா. சம்சாரம்."

"அதுல சம்சாரமே கிடையாதே தம்பி" என்றார் சலூன்காரர். "வீடு காலி பண்ற லாரி வச்சிருக்கற ரெண்டு பேரு. போட்டிக் கம்பெனி. கடைசியில ஒரே லாரியில போவாங்க."

"லாரியா? லாரியே வரலையே!"

அக்காவின் முகம் மருந்துக்கடைக்காரரைப் பார்த்த முகமாக மாறியது.

"ஆக, படத்தையே பாக்கல. மொதல்ல யாரோ சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்ச. அப்புறம் சொந்தமா ஒரு கதை கட்டற. ஒரு படத்துக்கே இத்தனை பொய் சொல்றவன், நாளைக்கு என் தங்கச்சிகிட்ட எத்தனை சொல்லுவ? டீயெல்லாம் வேண்டாம். நீ கெளம்பு."

"அக்கா, நான் பாத்தேன். சத்தியமா பாத்தேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத."

அவன் காது சிவந்தது. திரும்பிப் போயிருப்பான். அதற்குள் தங்கை வந்து கவுன்ட்டர்மேல் அவன் வைத்திருந்த உறையை எடுத்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் தட்டைக் கருவிக்குள் தள்ளி, சுவரில் இருந்த டிவியைப் போட்டாள்.

திரையில் ஒரு மனிதன் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். கீழே அவன் மனைவி கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு நின்றாள். அவன் குனியவில்லை. அவள் ஒரு கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள்.

"இது அறுபத்தெட்டு ஆச்சே!" என்றாள் நர்ஸம்மா.

தங்கை தட்டை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். இப்படிப் பிடித்தால் 89. தலைகீழாகப் பிடித்தால் 68. வட்டத்துக்கு ஏது மேல், ஏது கீழ்? அதற்காகவே எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போடுவது வழக்கம். துடைத்துத் துடைத்து இந்தத் தட்டில் கோடு அழிந்திருந்தது. 68 என்று எழுதிய உறையைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். லாரிப் படம் அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் சலூன்காரர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"சறுக்கின யானை இன்னும் இங்கதான் நிக்குது, பாத்துப் பேசுங்க" என்றாள் அக்கா. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள்; ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் மன்னிப்பு. "சரி, உக்காரு. படம் மாறினாலும் சட்டம் மாறாது. அறுபத்தெட்டைப் பத்திச் சொல்லு. எனக்கு அந்தப் பொம்பளையைப் புடிக்கவே புடிக்காது, அதை மொதல்லயே சொல்லிடறேன். புருஷன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வீட்டுல ஒரு குழாய் ஒழுகாது. அவளுக்கு என்னடா குறை?"

பரீட்சை இப்போதுதான் உண்மையில் ஆரம்பிக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அக்காவுக்குப் பிடித்த பதில் எது என்பதும் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும்.

"அவர் நல்லவர்தான்க்கா" என்று மெதுவாக ஆரம்பித்தான். "எல்லாத்தையும் சரி பண்ணாரு. குழாய், கதவு, விளக்கு. ஆனா உனக்கு என்ன சரியில்லன்னு அந்தம்மாவை ஒரு தடவைகூடக் கேக்கல. அது வாயைத் திறந்தாலே இவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டுப் போயிடறாரு. பதினஞ்சு வருஷம் அந்தம்மா இருந்ததே அதிகம்."

"அப்படிப் போடு!" என்றாள் நர்ஸம்மா.

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "தப்பான அபிப்பிராயம். ஆனா அபிப்பிராயம்தான், ஒத்துக்கறேன். என் பக்கத்துல ஆட்சேபணை இல்ல. உங்க வீட்டுலேர்ந்து பெரியவங்களை வரச் சொல்லு."

சலூன்காரர் கை தட்டினார். எலக்ட்ரீஷியன் நாற்காலியில் சாய்ந்தான். முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்டான்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் தங்கை.

அவளுடைய குரலை அவ்வளவு நெருக்கத்தில் அவன் கேட்டதில்லை.

"என்னது?"

"அவர் கேக்கலன்னு சொன்னீங்களே. நீங்க கேட்டீங்களா? விசிறி ரிப்பேர் பண்ணீங்க, ஸ்விட்ச் மாத்தினீங்க. எங்க அக்காகிட்டப் பேசினீங்க. அக்கா படம் குடுத்தா, பாத்தீங்க. இதுல நான் எங்க வர்றேன்?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். மச்சான் இதற்கு எந்த வாக்கியமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"கேக்கல" என்றான். "தப்புதான். இப்பக் கேக்கறேன். என்னைக் கட்டிக்க உங்களுக்கு இஷ்டமா?"

"தெரியாது" என்றாள் அவள். "உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? பொய் சொன்னா அரை நிமிஷம்கூடத் தாங்காதுன்னு தெரியும். அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்தாள். "திங்கட்கிழமை சாயங்காலம் எங்க கண்ணாடிக்கடை வாசலுக்கு வாங்க. வீடு வரைக்கும் நடந்துக்கிட்டே பேசலாம். எதைப் பத்தி வேணும்னாலும் பேசலாம், படத்தைப் பத்தி மட்டும் வேண்டாம். எனக்குப் படமே புடிக்காது."

"படம் புடிக்காதா!" என்று அக்கா கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா என்கூட உக்காந்து பாத்தியேடி!"

"நீ என்னைக் கேட்டியா?"

சலூன்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். எலக்ட்ரீஷியன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மழை வந்தா?" என்று கேட்டான்.

"குடை இல்லையா உங்ககிட்ட?" என்றாள் அவள்.