பிரசவத்துக்கு வந்த கேட்டமரான்

ஆங்கிலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தமிழ்ச் சொற்கள், வயிற்றில் புது அர்த்தம் தரித்தால் ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வந்துவிடும். முத்துமேட்டுக் குப்பத்தில் அஞ்சலாட்சியின் வீடுதான் கேட்டமரானுக்குப் பிறந்த வீடு. கட்டுமரம் என்று அங்கே வளர்ந்தவள், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிப் போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற மருமகள்களை எல்லாம் அண்ணி என்றே கூப்பிட்டு வருகிறாள். அஞ்சலாட்சி பதின்மூன்றாவது அண்ணி.

வைகாசியில் ஒரு நாள் கேட்டமரான் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அதில் நாலாவதிலிருந்து ஆறாவது வரை நன்றாக உப்பியிருந்தது. அஞ்சலாட்சி கையோடு கொண்டுபோன வளையல்களை பஸ் ஸ்டாண்டிலேயே அடுக்கிவிட்டு, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் ஊட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். இனி மூன்று மாதத்துக்கு ஆங்கிலம் பேசுகிற ஊர்களில் அந்தப் படகை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியாது. கையால் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். அவர்களுக்கும் இது பழக்கம்தான்.

அவள் மூத்த அர்த்தத்தை இங்கிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள். கட்டிய மரத்தின் மேல் மீன்பிடிக்கப் போகிற அர்த்தம் அது. அடுத்துப் பிறந்தது இரட்டை உடம்புள்ள படகு. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதில்தான் வந்தது வினை.

பிறந்த அர்த்தத்தின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்று பெயர். யார் சேனை வைக்கிறாரோ அவருடைய குணம் அதற்கு வந்துவிடும். மூன்றாவதற்குச் சேனை வைத்தவள் எட்டாவது அண்ணி. அவள் வாய்க்குப் பயந்து ஊரே கடற்கரைக்குச் சுற்றுவழியில் போன காலம் அது. பிறந்த அர்த்தம் 'சண்டைக்காரி'. அது நேரே போய் ஆங்கில அகராதியில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குப் புழக்கம் குறைந்து மூலையில் கிடக்கிறது என்றாலும் எழுந்து போகிற வழியாக இல்லை.

அஞ்சலாட்சியின் மகள் தையல்நாயகி நர்ஸ். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா வேதவல்லி ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தம் பேசப் போகும் வீட்டை எல்லாம் அகராதியில் பார்த்துவிடுகிற பழக்கம் அவருக்கு.

"பொண்ணு தங்கம். ஆனா மூணாவது அர்த்தம் இப்படிப் போட்டிருக்கே," என்று சொல்லி அனுப்பினார். "நாலாவது பிறக்கட்டும். அதப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

தையல்நாயகிக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அஞ்சலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் சொல்ல வேண்டுமா என்ன, எட்டாவது அண்ணியின் வாய் அப்படியே பதின்மூன்றாவது அண்ணிக்கும் வாய்த்திருந்தது. அதனால் அவள் மூன்று மாதம் வாயைக் கட்டினாள். மீன் மார்க்கெட்டில் ஒருத்தி அவள் விற்ற வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்று மீனா என்று கேட்டபோதுகூடச் சிரித்தாள். மார்க்கெட்டே அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டது.

சேனை வைக்கக் கலங்கரை விளக்கத்துச் சிங்காரத்தைப் பேசி வைத்தார்கள். முப்பது வருஷத்தில் அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. புயல் எச்சரிக்கை வந்தால்கூட வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்துப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

ஆடி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. தையல்நாயகியே பிரசவம் பார்க்க உட்கார்ந்தாள். சிங்காரத்துக்கு ஆள் போயிற்று. வரேன் என்று சொல்லி அனுப்பினார். பிறகு குளித்தார். வேட்டியைக் காயப்போட்டு, காய்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதறாத ஆள் வேண்டும் என்று தேடிப் பிடித்துவிட்டு, அவர் பதறி ஓடிவர வேண்டும் என்றால் எப்படி.

சொன்னபடி வேதவல்லி டீச்சர் வந்துவிட்டார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேட்டமரான் வலி தாங்காமல் கத்தினாள்.

"இவ்வளவு காலம் இங்கிலீஷ்ல குடித்தனம் பண்ணியும் அடக்கமா இருக்கத் தெரியலையே," என்றார் டீச்சர். "நல்ல வார்த்தைங்க எல்லாம் சத்தமே போடாம பெத்துட்டுப் போயிடும்."

கேட்டமரான் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் நீலம் பாரித்தது.

அதைப் பார்த்ததும் அஞ்சலாட்சி கட்டி வைத்த வாய் தானாக அவிழ்ந்தது.

"வலிக்கிறவ கத்துவா டீச்சர். நீங்க பெத்தப்ப என்ன, வாயில பூட்டுப் போட்டுக்கிட்டா படுத்திருந்தீங்க? பொறந்த வூட்டுல கத்தாம அவ வேற எங்க போயி கத்துவா? அங்க முந்நூறு வருசமா அடுத்தவங்க வாயில குடியிருந்தவ அவ. இங்கயாச்சும் அவ வாயால அவ கத்தட்டும். நீ கத்துடி என் கண்ணு. யாரு கேக்குறான்னு நான் பாக்குறேன்."

இது ஆரம்பம்தான். மூன்று மாதத்துப் பாக்கி அத்தனையும் வந்தது. நடுவில் நேற்று மீனா என்று கேட்டவளுக்கும் ஒரு பங்கு போயிற்று. கேட்டமரான் கையை எடுத்துவிட்டு மனசாரக் கத்தினாள். இரண்டு சத்தமும் சேர்ந்து உச்சத்துக்குப் போனபோது அர்த்தம் பிறந்துவிட்டது.

முதல் அழுகை ஓய்வதற்குள் சேனை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிறந்தது அர்த்தமில்லாமல் போய்விடும். ஜன்னல் வழியே பார்த்தால் சிங்காரம் தெரிந்தார். மணலில் ஒரு நண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்தது, அது கடக்கட்டும் என்று நின்றிருந்தார்.

"நீ வைடி," என்றாள் அஞ்சலாட்சி மகளிடம்.

"ரெண்டு கையும் வேலையா இருக்கு. நீயே வைம்மா."

அஞ்சலாட்சி சேனைக் கிண்ணத்தை எடுத்தாள். இத்தனை பேச்சுப் பேசிய வாயோடு சேனை வைத்தால் மகள் கல்யாணம் இன்றோடு போயிற்று. வைக்காவிட்டால் நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. அழுகை குறைந்துகொண்டே வந்தது.

"நீங்களே வையுங்க அண்ணி," என்றாள் கேட்டமரான்.

அஞ்சலாட்சி சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்து வைத்தாள். கண்ணீர் அவள் மூக்கு நுனி வரை வந்து நின்றது.

தையல்நாயகி அர்த்தத்தைத் துடைத்து, துணியில் சுற்றி, டீச்சர் மடியில் அகராதியின் மேல் போட்டாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு பென்சிலால் நாலு என்று எண் போட்டு எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்.

"வாயைப் பொத்திக்கொண்டவருக்காகத் தன் வாயைத் திறப்பவள்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்திருந்தேன். எனக்காக ஒருத்தர் வாயைத் திறந்ததில்ல," என்றார். "ஆவணியில தேதி பாக்கலாமா சம்பந்தி?"

சிங்காரம் சாயங்காலம் வந்தார். குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கேட்டமரான் கைப்பிள்ளையோடு முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு ஆங்கிலத்துக்குக் கப்பலேறினாள்.

அடுத்த வாரம், தமிழுக்கு வாழ்க்கைப்பட்ட பஸ் ஒரு பையோடு அஞ்சலாட்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம். பிறந்த வீடு லத்தீனில் இருக்கிறது, ஆனால் அங்கே இப்போது யாரும் குடியில்லை, கூட வந்து சத்தம் போட அண்ணி வேண்டும் என்றாள்.

லத்தீனில் கடைகண்ணி இருக்குமோ இல்லையோ தெரியாது. அஞ்சலாட்சி கால் கிலோ சர்க்கரையை முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டைப் பூட்டி, ரோட்டுக்கு வந்து கையை நீட்டினாள். இனி மூன்று மாதத்துக்குப் பெயரில்லாத அது வந்து நின்றது. இருவரும் ஏறிக்கொண்டார்கள்.