மூடிய தகட்டுக்கு உள்ளே

1

இந்தக் கதை ஒரு வெட்டிலிருந்து பிறந்தது. கத்தி வெட்டு இல்லை, வீடியோவில் வரும் வெட்டு.

கடல் கடந்து வாங்கனுயி என்ற ஊருக்குக் குடிவந்து, பிள்ளைகளையும் கரைசேர்த்துவிட்ட நான், குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு கார் கட்டும் வீடியோக்களைப் பார்ப்பவள். யாரோ ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டு வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பான். முடிகிற மாதிரியே இருக்கும், முடியாது. காரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. டயர் பஞ்சரானால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன். ஆனாலும் பார்ப்பேன்.

ஒருநாள் அப்படி ஒருவன், "இதைச் சரிபண்ணணும்" என்று பெருமூச்சு விட்டான். வெட்டு. அடுத்த காட்சியில் எல்லாம் சரியாக இருந்தது. சட்டை வேறு. தாடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. நடுவில் என்ன நடந்தது? யார் பார்த்தார்கள்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

[அவன் வேறு, அவன் கார் வேறு. தேடாதீர்கள். இதில் வருகிறவர்கள் எல்லாரும் நான் உண்டாக்கியவர்கள். இதையும் நானேதான் சொல்கிறேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.]

2

முதல் ஆரம்பம்: "நைரி காப்லண்ட் அன்று காலை கண்விழித்தபோது தன் வாழ்க்கையே மாறப்போகிறது என்பதை" — அடித்துவிட்டேன். கண்விழித்து ஆரம்பிக்கிற கதைகளைப் படித்துப் படித்து எனக்கே தூக்கம் வருகிறது.

இரண்டாவது: "விரிசல்கள் இரண்டு வகைப்படும். ஒன்று கண்ணுக்குத் தெரிவது, மற்றது" — இதுவும் வேண்டாம். இரண்டாவது வகை என்ன என்று உங்களுக்கே தெரியும். பெரிய மனுஷி மாதிரி நான் வேறு சொல்ல வேண்டுமா?

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அதில் அலங்காரம் இல்லை.

வீட்டில் கட்டிய கார்களைச் சோதித்துப் பார்த்து, ரோட்டில் ஓடலாம் என்பதற்கு அடையாளமாக ஒரு சின்ன உலோகத் தகட்டைப் பொருத்திக் கொடுப்பதுதான் நைரி காப்லண்டின் வேலை. அந்தத் தகடு இல்லாவிட்டால் எவ்வளவு அழகான காரும் கொட்டகைக்குள் கிடக்க வேண்டியதுதான். ஐம்பதைத் தாண்டியவள். எதையும் லேசில் நம்பாதவள். கடையில் வாங்கிய, கொத்துக்கறி அடைத்த மின்ஸ் பை பலகாரத்தைக்கூட ஓரத்தைக் கிள்ளி உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுத்தான் கடிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு ரகசிய ஆசை இருந்தது. ஃபீல்டிங் ஊரில் வெய்ன் ஸ்டாட்டர்ட் என்பவன் கட்டிவந்த ஹம்பர் என்ற பழைய காரின் வீடியோக்களை அவள் முதல் நாளிலிருந்து பார்த்துவந்தாள். அவன் மனைவி மெரே படம்பிடிப்பாள். மெரேயின் முகம் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஸ்பேனர் நீட்டும் கையும், "ஐயோ, பாத்து" என்கிற குரலும்தான் வரும்.

நைரி 'மூன்றாம் கியர்' என்ற புனைபெயரில் கருத்துப் போடுவாள். வெய்ன் அதை அடுத்த வீடியோவில் உரக்கப் படிப்பான். "மூன்றாம் கியர் வந்தாச்சு. யாரும் பல்லக் காட்டாதீங்க, எண்ணிப் பாத்து ஒண்ணு குறையுதும்பாரு." நைரி தன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வாரத்துக்கு அது போதும். அந்த இருவரையும் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

3

விரிசல் வந்தது காரின் குறுக்குச் சட்டத்தில். முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கிப் பிடிக்கிற இரும்பு அது. வெய்னே வெட்டி, வெய்னே வெல்டு அடித்தது. ஒரு வீடியோவில் அவன் அதைத் துணியால் துடைக்கிறான், சட்டென்று நிற்கிறான். கேமரா கிட்டே போகிறது. வெல்டு ஓரத்தில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. வெய்ன் கவிழ்த்துப்போட்ட பால் கூடைமேல் உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் போச்சு மெரே," என்றான். கேமரா நடுங்கியது. நைரி அழுதேவிட்டாள்.

வெட்டு.

அடுத்த வாரம் குறுக்குச் சட்டம் பளபளவென்று இருந்தது. "சரி பண்ணியாச்சு!" என்று கட்டைவிரலைக் காட்டினான். அதன்மேல் இரும்புத் தகடு வைத்து நாலு பக்கமும் பெட்டி போல மூடி, பட்டி பார்த்து, கருநீலப் பெயின்ட் அடித்துவிட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று இனி யாரும் பார்க்க முடியாது.

விரிசலைச் சுரண்டி அடியோடு எடுத்துவிட்டு வெல்டு அடித்தால் இரும்பு இரும்பாக இருக்கும். மேலோடு பூசி மெழுகினால் அது உள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு வளைவில் பிரேக் போடும்போது சக்கரம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். வேலை முடிந்ததும் நாட்டின் வடக்கு முனையிலிருந்து தெற்குக் கோடியில் இருக்கும் பிளஃப் வரைக்கும் அந்தக் காரில் போகப்போவதாக வெய்ன் ஊருக்கே சொல்லியிருந்தான். பக்கத்து சீட்டில் மெரே.

மூன்றாம் கியர் கேட்டிருந்தது: "சுரண்டி எடுத்தீங்களா, மேலயே பத்தவெச்சீங்களா? காட்டலையே?"

எல்லாக் கருத்தையும் படிக்கிற வெய்ன், அதை மட்டும் படிக்கவில்லை.

[விஷயம் தெரிந்தவர் ஒருவர், "சின்ன ஓட்டை போட்டு உள்ளே ஒரு கேமராவை விட்டால் தெரிந்துவிடுமே" என்றார். கதை பாதி எழுதியபிறகு சொன்னார். ஆகவே அந்தப் பெட்டிக்குள் துருப்பிடிக்காமல் இருக்க மெழுகைக் காய்ச்சி ஊற்றி நிரப்பிவிட்டேன். இப்போது கேமரா விட்டாலும் மெழுகுதான் தெரியும். ஊற்றியது வெய்ன் இல்லை, நான். பழியை அவன்மேல் போடாதீர்கள்.]

4

கடைசியில் அந்த ஹம்பர் நைரியின் பட்டறை வாசலுக்கே வந்து நின்றது. தகடு இல்லாத கார் ரோட்டில் ஓடக்கூடாது என்பதால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வெய்ன் உள்ளே உட்கார்ந்து மெதுவாக இறக்கினான். மெரே தள்ளி நின்று படம்பிடித்தாள்.

மெரேயின் முகத்தை நைரி அன்றுதான் பார்த்தாள். நெற்றியில் ஒரு தழும்பு, சிரித்த கண். தான் மூன்றாம் கியர் என்பதை நைரி சொல்லவில்லை. சோதிக்கிறவள் ரசிகையாக இருந்தால் யார் மதிப்பார்கள்?

மெரே காலால் ஒரு பை நிறைய ஃபிஜோவாப் பழத்தை முன்னால் தள்ளினாள். "எடுத்துக்கங்க. மரத்தடியில கால் வைக்க முடியல."

"சோதனைக்கு முன்னாடி நான் எதுவும் வாங்கறதில்ல."

"ஏங்க, வீட்டுக்கு வீடு கொட்டிக் கிடக்கற ஏப்ரல் மாசத்துல ஃபிஜோவாவ யாரு லஞ்சமா குடுப்பா?" என்றான் வெய்ன். "தலையில கட்டிட்டுப் போகத்தான் பாக்கறோம்."

நைரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "உங்க ஊருக்குப் பக்கத்துல பாமர்ஸ்டன்லயே தகடு குடுக்கற ஆள் இருக்காரே. அவர விட்டுட்டு இங்க ஏன் வந்தீங்க?"

"நீங்கதான் ரொம்பக் கறார்னு சொன்னாங்க. கறாரான ஆள் கையால தகடு வாங்கினா, பாக்கறவங்க வாய மூடுவாங்க."

நல்ல பதில்தான். அவ்வளவு நல்ல பதிலாக இருந்ததே நைரிக்கு நெருடியது. [எனக்கும். அந்த வசனத்தை இரண்டு தடவை அடித்தேன், இரண்டு தடவையும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.]

5

சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், எதிலும் குறை இல்லை. அவன் கைவேலை அவள் நினைத்ததைவிடச் சுத்தம். காரின் அடியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"குறுக்குச் சட்டத்துல விரிசல் வந்துச்சே. சுரண்டி எடுத்தீங்களா, மேலயே பத்தவெச்சீங்களா?"

மெரே கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். "அட! மூன்றாம் கியர் நீங்கதானா?"

நைரிக்கு முகம் சிவந்தது. "அது இருக்கட்டும். பதில் சொல்லுங்க. இல்லாட்டி சட்டத்த மூடின அந்தத் தகட்ட வெட்டித் திறக்கணும்."

"பெயின்ட் அடிச்சு முடிச்ச கார வெட்டறதா?" வெய்ன் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். "விரிசலே இல்லைங்க. அது பொய்."

"என்னது?"

"நாலு வாரமா எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. வீடியோவ ஒருத்தரும் பாக்கல. ஜனங்களுக்கு நாம அழணும். அதான் ஒரு கோடு போட்டோம்."

"நான்தான் போட்டேன்," என்றாள் மெரே. "கண்ணுக்கு மை தீட்டற பென்சில். இவன் கை தடியா வரும்னு என்னப் போடச் சொன்னான். கேமரா நடுங்குச்சில்ல? அது சிரிப்பு அடக்க முடியாம."

தான் அழுத அழுகை நைரிக்கு நினைவு வந்தது. கை துடைத்த துணியை வீசி எறிந்தாள்.

"அப்ப பொய் சொல்லத் தெரியும்னு ஒத்துக்கறீங்க," என்றாள். "இப்ப சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்பறது?"



6

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை. வெய்ன்மேல் இருந்த சந்தேகம் நைரிமேல் திரும்பிவிட்டது. அவள் காரை வெட்டச் சொல்வது மெரேயின் உயிருக்காகவா, இல்லை, தன்னை அழவைத்தவனை ஒருமுறை அழவைத்துப் பார்க்கவா? கேட்டால் உயிருக்காக என்றுதான் சொல்வாள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

முடிவு அ: நைரி நம்பித் தகட்டைக் கொடுக்கிறாள். மூவரும் ஃபிஜோவா தின்கிறார்கள். கதை அங்கேயே ஊசிப்போகிறது.

முடிவு ஆ: வெட்டுகிறாள். உள்ளே வெல்டு சுத்தமாக இருக்கிறது. நைரி தலைகுனிகிறாள். சந்தேகப்பட்டவளுக்குத் தண்டனை கொடுக்கிற கதைகள் எனக்குப் பிடிக்காது. சந்தேகப்பட்டு எத்தனை பேர் பிழைத்திருக்கிறோம்.

முடிவு இ: வெட்டுகிறாள். உள்ளே விரிசல். வெய்ன் வில்லன், சுபம். அவனை இவ்வளவு நாள் பார்த்த பாசத்தில் என் கை இதை எழுத மறுக்

[ஒன்று சொல்லிவிடுகிறேன். விரிசலை வரைந்தது மெரே மட்டும் இல்லை. இரண்டாம் பகுதியோடு எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தால் நீங்கள் இதுவரைக்கும் வந்திருப்பீர்களா?]

7

ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெய்ன் தன் வண்டியிலிருந்து கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து நைரியின் கையில் கொடுத்தான். "வெட்டுங்க. ஆனா மெரே படம்பிடிப்பா."

"கேமராவ அணைங்க."

"அணைச்சுட்டு வெட்டினா உள்ள என்ன இருந்துச்சுன்னு நாளைக்கு யாரு நம்புவா? மூன்றாம் கியரே நம்பாது."

முடித்த காரை வெட்டித் திறக்கிற வீடியோவை ஊரே பார்க்கும். நைரிக்கு மூக்கில் வியர்த்தது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தானா? ஃபிஜோவாவும் கறார்ப் பேச்சும் இதற்குத்தானா? அவள் மெஷினைக் கீழே வைத்தாள். மெரே பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கோட்ட ஏன் அந்த இடத்துல போட்டீங்க?"

"எந்த இடத்துல?"

"சட்டம் அவ்ளோ நீளம் இருக்கு. வெல்டு எட்டு இடத்துல இருக்கு. விரிசல் வர்றதா இருந்தா முதல்ல வர்ற இடம் அந்த ஒண்ணுதான். தெரியாதவங்க யாரும் அங்க போடமாட்டாங்க."

"எனக்கு என்ன தெரியும்? இவன்தான் விரல வெச்சுக் காட்டினான். 'இதோ, இது மேலயே போடு'ன்னு..." மெரே பாதியில் நிறுத்தினாள். வெய்னைப் பார்த்தாள். "இது மேலயேன்னுதானே சொன்ன? எது மேல?"

"எங்க வந்தா பொருத்தமா இருக்கும்னு யோசிச்சேன், அவ்ளோதான்," என்றான் வெய்ன். "கார் கட்டறவனுக்கு அதுகூடத் தெரியாதா?"

அதுவும் நல்ல பதில்தான்.

மெரே கேமராவை நைரியின் கையில் கொடுத்தாள். நடந்துபோய் ஹம்பரின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கார் அசைந்த ஒவ்வொரு தடவையும் அவள் வெளியேதான் நின்றிருந்தாள், படம்பிடித்துக்கொண்டு. நைரி சின்னத் திரையில் பார்த்தாள். அந்த வீடியோவில் மெரேயின் முகம் முதல்முறையாக வருகிறது. சிரிப்பு இல்லை.

பட்டறைக்குப் பின்னால் காலி மைதானம் இருந்தது. வேகமாக ஓட்டி பிரேக் போட்டுப் பார்ப்பதற்கு நைரி வைத்திருக்கும் இடம்.

மெரே ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நின்றாள். தரையில் இருந்த கால் தரையிலேயே இருந்தது.

"வெய்ன்," என்றாள். "நான் ஏறட்டுமா?"

அவன் சொன்ன பதில் எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். அதைக் கீழே எழுதியிருக்கிறேன், அதில் மாற்றம் இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிற்று என்பதை மட்டும் எழுதப்போவதில்லை. நான் எழுதினால் அது என் வெட்டாகிவிடும். இடம் விட்டிருக்கிறேன். இத்தனை நேரம் அவனைப் பார்த்தவர் நீங்கள். அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். காரை வெட்டுவதா, தகட்டைக் கொடுப்பதா என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

[                                        ]

"ஏறு," என்றான் வெய்ன்.