உதறாத சாக்கு

1
இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. "கடைசியில் பறவை சாகட்டும், வாசகர் கண்கலங்குவார்" என்றார் ஒரு பத்திரிகை ஆசிரியர். சாகடிக்க மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2
முதல் தொடக்கம்: தென் அட்லாண்டிக்கில், அலைகள் தாலாட்டும்— (வேண்டாம். ஒன்பது ஆண்டு இங்கே இருக்கிறேன். அலை தாலாட்டாது, அறையும்.)

இரண்டாவது: டிரிஸ்டன் தீவில் விடியலில் மணி அடித்தது. கடல் அடங்கிவிட்டது, படகு போகலாம். மூன்று மாதம் காத்திருந்த பெர்சி, தோட்டக் குடிசையிலிருந்த, மூன்று நாள் சாப்பாட்டுக்கான உருளைக்கிழங்குச் சாக்கை அப்படியே படகில் போட்டான். துறையில் கொட்டி உதறிக் கட்டுவதுதான் ஊர் வழக்கம். அவசரத்தில் மறந்துவிட்டான்.

இது இருக்கட்டும்.

3
கடற்பறவை முட்டை எடுக்க நைட்டிங்கேல் தீவுக்குப் பயணம். பாறையை நெருங்கும்போதுதான் அவன் அண்ணி எடித் சாக்கில் ஓட்டையைப் பார்த்தாள். ஊரே எலி பிடிக்கும் நாளில் ஆண்டுதோறும் அதிக எலிவால் கொண்டுவருபவள் அவள். பல் தடம் தெரியாதா?

நைட்டிங்கேல் தீவில் எலி கிடையாது. தடித்த அலகால் மரக்கொட்டையை உடைத்துத் தின்னும் பெரிய கனாரி* உண்டு. உலகத்திலேயே அங்கே மட்டும். ஒரு சினை எலி கரையேறினால் முட்டையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது.

(* கூண்டில் பாடுகிற மஞ்சள் பறவை வேறு. இது யாருக்காகவும் பாடாது.)

"உதறினியா பெர்சி?"

பெர்சி (வில்லனாக்கப் பார்த்தேன், பாவி நல்லவனாகவே இருக்கிறான்) தலையைச் சொறிந்தான்.

"இங்கயே அவுத்துப் பாத்துருவோம் அண்ணி."

"தாவிருச்சுன்னா நீயா நீந்திப் புடிப்ப? படக வெளிய திருப்பு."

"அல ஏறுது. அப்புறம் கரையேற முடியாமப் போயிரும்."

"போகட்டும்."

தன் கம்பளித் தொப்பியை ஓட்டையில் திணித்து, கயிற்றால் இறுக்கி, நடுக்கடலில் சாக்கைத் தள்ளிவிட்டாள்.

"மூணு நாளும் முட்டையவே திங்கணுமா?"

"தின்னு. கனாரி காலம்பூரா கொட்டையவே திங்கல?"

4
எப்படியோ கரையேறினார்கள். இனி முடிவு. ஒன்று: சாக்கில் எலி இருந்தது. இரண்டு: வெறும் கிழங்குதான், ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. மூன்று: ஆசிரியர் கேட்டது— (அடித்துவிட்டேன்.)

எழுதுகிறவன் நான், நினைத்தால் கடலடிக்குப் போய்ச் சாக்கைத் திறக்கலாம். திறக்க மாட்டேன். எலி இருந்தால்தான் அவள் செய்தது சரியா? நைட்டிங்கேலில் தங்கும் குடிசைக்கு வெளியே ஒரு கனாரி கொட்டை உடைக்கிறது. உள்ளே பெர்சி முட்டையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தொப்பி இல்லாமல் எடித்துக்குக் காது குளிர்கிறது, வருத்தம் துளியும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே முங்கிப் போய்ப் பாருங்கள். சாக்கை மட்டும் மேலே கொண்டுவராதீர்கள்.