ஐந்தாவது பத்தி

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அவனுக்குப் புலி என்று பேர். கவுண்டரிலும் லென்ஸ் தேய்க்கும் அறையிலும் ஓடுகிற புரோகிராம் அவன் எழுதியது. எழுதி ஆறு வருஷமாயிற்று, ஒருநாளும் மக்கர் செய்ததில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொள்வான். புலிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வாடிக்கையாளர்களின் பவர் விவரம் டேட்டாபேஸில் ஒரு அட்டவணையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது அவனுடைய அண்ணி. அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான், அதையும் சொல்லிக்கொள்வான்.

ஒரே வாரத்தில் பதினோரு பேர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் இடது கண்ணில்தான் கோளாறு. ஒரு பெரியவர் படி தெரியாமல் விழுந்து கையில் கட்டோடு வந்தார். முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து விசாரித்தபோது புலி யோசிக்கவே இல்லை.

"என் புரோகிராம்ல ஒண்ணும் இல்ல சார். அண்ணிதான் டேபிள்ல கை வச்சாங்க."

அட்டவணையின் நடுவில் அண்ணி மேலிருந்து கீழாகப் புதிதாக ஒரு பத்தி சேர்த்தது உண்மைதான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி காது கொடுக்கவில்லை. புலி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே அண்ணியைப் பார்சல் கட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் முதலாளி நடந்ததை எழுதித் தரும்படி புலியிடம் கேட்டார். அட்டவணையில் என்னென்ன பத்தி, எந்த வரிசையில் இருக்கிறது என்று டேட்டாபேஸிடமே கேட்கலாம். தன்னைப் பற்றிய விவரத்தையும் அது பத்திரமாக வைத்திருக்கும். ஆறு வருஷத்தில் புலி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாலாவது பத்தி வலது கண், ஐந்தாவது இடது கண் என்று எண்ணி எடுக்கும்படி புரோகிராமை எழுதிவைத்து அதோடு மறந்திருந்தான். அண்ணியின் தவறை ஆதாரத்தோடு காட்டுவதற்காக, அன்றுதான் டேட்டாபேஸுக்குப் புரியும் எஸ்க்யூஎல் மொழியில் இரண்டு வரி எழுதிக் கேட்டான்.

பட்டியல் வந்தது. ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அண்ணி எழுதிவைத்த குறிப்பும் கூடவே வந்தது. ஐந்தாவதற்கு எதிரே இப்படி இருந்தது: "படிப்பதற்கான பவர். புதியது. இடது கண் ஆறாவது இடத்துக்குப் போய்விட்டது. எண்ணி எடுக்காமல் பெயர் சொல்லி எடுக்கும்படி மூன்றாம் தேதி தம்பியிடம் சொன்னேன். சரி என்றார்."

அன்றைக்குத் தான் செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல் சரி என்று தலையாட்டியது புலிக்கு நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் கூசியது. இந்தக் குறிப்பை அழிக்க ஒரு வரி போதும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குத்தான் அவன் இன்னும் அதிகமாக வெட்கப்பட்டான்.

பட்டியலை அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்து, தப்பு தன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். பிறகு பார்சல் மேசைக்குப் போனான். அண்ணி பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே அண்ணி?"

"டேபிளையும் கேக்கல, என்னையும் கேக்கல," என்றார் அண்ணி, நிமிராமல். "கேட்டிருந்தா ரெண்டு பேருமே சொல்லியிருப்போம் தம்பி."

உதவலாம் என்று பெட்டியைப் பிடிக்கப் போனான். அண்ணி அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.